வெயிலுகந்தாளின் நிறம்

மஞ்சள் போதவில்லை. மறுபடியும் போதவில்லை. ட்யூபின் வாலைச் சுருட்டி நசுக்கி, அரிசிக் குருணை அளவுக்குப் பிதுக்கி எடுத்து மாவு உருண்டையின் தலையில் வைக்கிறேன், கட்டைவிரலால் அமுக்கி மடிக்கிறேன், இழுக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். முதலில் மஞ்சள் ஒரு கோடாக ஓடுகிறது, பிறகு நரம்பு நரம்பாகப் பிரிகிறது, அப்புறம் எங்கே போனதென்று தெரியாமல் உள்ளே போய்விடுகிறது. போனது போனதுதான். உருண்டை பழையபடி மாநிறமாக என்னைப் பார்க்கிறது, ஒன்றுமே சாப்பிடாதவனைப் போல. கார்ன்ஃப்ளவரும், தச்சர்கள் பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையும், ஒரு கரண்டி எண்ணெயும், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் போட்டு அடுப்பில் கிண்டினால் அல்வா மாதிரித் திரண்டு வருகிற மாவு இது. ஆறினதும் கொழுக்கட்டைக்குப் பிசைந்தது போல் கையில் குழையும், காற்றுப் பட்டுக் காய்ந்தால் கல். இதில்தான் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பெண் பொம்மை செய்து கொடுக்கிறேன், உள்ளங்கை உயரத்துக்கு. காய்ந்த பிறகு மேலே பெயிண்ட் அடிக்கிற ஆள் நான் இல்லை. அடித்தால் முதல் கீறலிலேயே உள்ளே இருக்கிற வெள்ளை பல்லைக் காட்டும். நிறத்தை முதலிலேயே மாவுக்குள் பிசைந்துவிட வேண்டும். சேலைக்கு ஒரு உருண்டை, கூந்தலுக்கு ஒரு உருண்டை, உடம்புக்கு ஒரு உருண்டை. அப்படிச் செய்த கையை ஒடித்துப் பார்த்தால் உள்ளேயும் கைதான், அடி ஆழம் வரை அதே நிறம். மனுசனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, கீறினால் வேறு கலர் வந்துவிடும், என்று கீழ்வீட்டு மெர்சி டீச்சரிடம் சொன்னேன். பாவம், ரிட்டயர்டு ஆனவள், காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "காலங்காத்தால என்ன பேச்சு அண்ணாச்சி இது" என்று தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டாள்.

சரக், சரக். வெயிலு தூக்கத்தில் சொறிகிறாள். சாப்பிட்ட கையோடு ஃபேனுக்கு நேரே தரையில் ஒரு சேலையை விரித்துப் படுத்தவள். வலது கை என் நாற்காலிப் பக்கமாக நீண்டு கிடக்கிறது, இடது கை அந்தக் கையைச் சொறிகிறது, கண் மூடினபடியே. வேறு யாரோ வந்து அவளுக்குச் சொறிந்துவிடுகிற மாதிரி இருக்கிறது. வெயிலுகந்தாள், என் பெண்டாட்டி. முழுப் பேரைச் சொன்னால் நெற்றியைச் சுருக்குவாள், அது ரேசன் கார்டுப் பேரு என்பாள். இந்த உருண்டை அவளுக்குத்தான், அவள் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு கைகளுக்கும். சார்ஜாவில் இருக்கிற மகள் கோமு கேட்டாள், "யப்பா, ஊரான் வீட்டுப் பிள்ளையளையெல்லாம் செய்யுதீய, ஒங்க ரெண்டு பேரையும் செஞ்சு குடுத்து விடுங்க, டிவி பக்கத்துல வச்சுக்கிடுதேன், நெனச்ச நேரம் வரவா முடியுது" என்று. கடைசி வார்த்தையில் குரல் கரகரத்தது, போன் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தாள். என் மகள்தானே. அதனால் இந்த ஒன்றை ஏனோதானோ என்று செய்ய முடியாது. என்னை ஒரே காலையில் செய்து முடித்துவிட்டேன். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எண்ணி வெந்துபோன நிறம், கறுப்பையும் காவியையும் சேர்த்ததும் வந்துவிட்டது. தலையில் மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் முடி வைத்தேன். "பொம்மையிலயுமா பொய்யி" என்றாள் வெயிலு. அவளுக்கு உடம்பு செய்தாயிற்று, கிளிப்பச்சைச் சேலை கட்டியாயிற்று, கொசுவம் ஊசியால் கீறியாயிற்று. கழுத்துக்கு மேலே கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அலமாரியில் நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் தலை இல்லாமல் ஒரு பச்சைச் சேலை. காலையில் எழுந்து அந்தப் பக்கம் போகிறபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நிறம் வந்தால்தான் தலை. நிறம் வரமாட்டேன் என்கிறது.

ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், இந்த மாவின் குணம் அது. ஈரமாக இருக்கிற வரை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற போட்டோ மாதிரி வெளுப்பாகக் காட்டும், காய்ந்த பிறகுதான் உள்ளதைச் சொல்லும். அதனால் கலக்கும்போதெல்லாம் ஒரு கிள்ளு கிள்ளி, மாத்திரை மாதிரித் தட்டி, சன்னல் ஓரத்தில் காயவைப்பேன். காய்ந்த வில்லையை ஆளுடைய மணிக்கட்டில் வைப்பேன். தோலோடு தோலாக அது காணாமல் போக வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள் "பொண்ணை ஒரு சுத்து கலராப் போடுங்க அண்ணாச்சி" என்பார்கள், போட்டுக் கொடுப்பேன், எனக்குப் பொய் சொல்ல யாரும் சொல்லித்தர வேண்டுமா. ஆனால் வெயிலுவுக்குக் கலந்த முதல் வில்லை, மணிக்கட்டில் வைத்ததும் மறைந்தே போனது. விரலால் தடவித்தான் அதைத் திரும்ப எடுத்தேன். "என் தோலக் கிள்ளி வச்ச மாதிரில்லா இருக்கு" என்று அவளே சொன்னாள். நடுவில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது, மணமேடை, நாதஸ்வரக்காரர் எல்லாம் சேர்த்து. வெயிலுவின் உருண்டையைப் பாலிதீனில் சுற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். திரும்ப எடுத்து, அதே பழைய வில்லையை அவள் கையில் வைத்தால், தெரிகிறது. சோற்றில் கிடக்கிற கல் மாதிரித் தெரிகிறது. வில்லை வெளுப்பு, கை மஞ்சள். சரி, வில்லை வெயிலில் கிடந்து வெளிறிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தேன். காய்ந்தது, வைத்தேன், சேர்ந்தது. அல்லது சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டேன். முகத்தைச் செய்ய உட்கார்ந்த அன்றைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி வைத்தேன். மறுபடி வெளுப்பு. மறுபடி மஞ்சள். மறுபடி வெளுப்பு. சன்னல் ஓரத்தில் வில்லைகள் சாய்ந்து கிடக்கின்றன, ஒன்றைவிட அடுத்தது மஞ்சள், அதைவிட அதற்கடுத்தது. நான் ஓடுகிறேன், முன்னால் எதுவோ ஓடுகிறது. எது ஓடுகிறது என்று மட்டும் நான் பார்க்க மாட்டேன்.

வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். "அக்கா பொம்மை இன்னுமா முடியல" என்று மெர்சி டீச்சர் கேட்டபோது சும்மா இருந்திருக்கலாம். "மாவுக்குப் பசி டீச்சர்" என்றேன். "யாரைச் செய்யுதோமோ அவங்க நெறத்தை இது திங்கும். தின்னு முடிச்சாத்தான் பொம்மை ஆகும். மாலத்தீவுக்குத் தோணியில போனப்ப ஒரு கெழவன் சொல்லிக் குடுத்தது." மாலத்தீவு எனக்கு வெங்காய மூட்டையின் மேல் எழுதியிருக்கிற எழுத்து, அவ்வளவுதான். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தாள். "அவுக சொல்லுததுல உப்பு பாக்குற அளவுக்கு எடுத்துக்கிட்டாப் போதும் டீச்சர்" என்று வெயிலுவும் சிரித்தாள். கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே, எனக்குக் கொழும்பில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள், பேர் சீலாவதி, என்று அவளிடம் சொன்னவன் நான். அழுவாள் என்று பார்த்தேன். "அவ ரசத்துக்குப் புளி கூட விடுவாளா, கொறையவா" என்று கேட்டாள். அன்றைக்கு மடக்கினவள் இன்றுவரை மடக்கிக்கொண்டிருக்கிறாள். மீன் வாங்கி வந்தால் தலை சீலாவதிக்கு, நடுத்துண்டு தனக்கு என்பாள். இப்போது நடுத்துண்டும் வேண்டாமாம். சாளை பொரிக்கிற வாடையே ஆகவில்லை, வாய் கசக்கிறது என்று மோர் விட்டு நாலு வாய், அதிலும் பாதி காக்கைக்கு. உப்புக்காத்து, வெயில், வயசு, ஒன்று மாற்றி ஒன்று சொல்கிறாள். அது கிடக்கட்டும், நான் மாவுப் பசிக் கதையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற கதையெல்லாம் விட்டதும் போய்விடும். பனிமூட்டத்தை டின்னில் அடைத்து இறக்குமதி செய்த கப்பல், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆமை, எல்லாம் கேட்டவர்கள் கூடவே படியிறங்கிப் போய்விட்டன. இது போகவில்லை. இங்கேயே மேசையில் உட்கார்ந்துவிட்டது. உருண்டையைத் தொட்டால் சூடாக இருக்கிறது. கைச் சூடு, பிசைந்தால் சூடாகாதா. கையை எடுத்து வேட்டியில் துடைத்து, ஃபேன் காற்றில் நீட்டிக் குளிரவைத்து, மறுபடி தொடுகிறேன். இன்னும் சூடு. மஞ்சளையா தின்கிறது இது, அல்லது மஞ்சளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதையெல்லாமா. அவளிடமிருந்து சிவப்பைத் தின்று, பழுப்பைத் தின்று, மஞ்சளை மட்டும் தட்டின் ஓரத்தில் கறிவேப்பிலை மாதிரி. சீ. நான் கட்டின கதைக்கு நானே பயந்தால் ஊர் சிரிக்கும்.

கண்ணாக இருக்கும். வலது கண்ணில் புரை எடுத்து லென்சு வைத்தாயிற்று, இடது கண் இன்னும் பழைய கண்தான், புரை பழுத்துக்கொண்டிருக்கிறது. வலதில் உலகம் நீலம் போட்டு வெளுத்த வேட்டி, இடதில் அதே வேட்டியை ஊருக்குப் போய் கட்டி அழுக்காக்கித் திரும்பினது. இரண்டு கண்ணும் இரண்டு சொல்லும்போது நிறம் எப்படி ஒட்டும். இடதைப் பொத்திக்கொண்டு பார்க்கிறேன். சுவர் வெள்ளை. ஃபேன் இறக்கை வெள்ளை. கீழே அவள் கை மஞ்சள். வலதைப் பொத்துகிறேன். சுவர் மஞ்சள், ஃபேன் மஞ்சள், கை மஞ்சள், எல்லாம் ஒரே மஞ்சள், அப்பாடா. இந்தக் கண்ணில் நியாயம் இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே அளவு. இதோடேயே இருந்துவிட்டால் என்ன. டாக்டர் இந்தக் கண்ணையும் செய்துவிடலாம் என்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கையை மாற்றுகிறேன். சுவர் வெள்ளை, அவள் மஞ்சள். மாற்றுகிறேன். மாற்றுகிறேன். ஒவ்வொரு தடவை நல்ல கண்ணைத் திறக்கும்போதும் வீடு முழுக்க வெளுத்து அவள் மட்டும் தனியாக, சுவருக்கும் தரைக்கும் சேராமல், வெளியே இருந்து யாரோ கொண்டுவந்து கிடத்தின மாதிரி. அந்தோணிமுத்து. இந்தப் பேர் எங்கேயிருந்து வந்தது. அந்தோணிமுத்துவை நான் நினைக்கவில்லையே. நான் கண்ணைப் பற்றி அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரக், சரக். நிறுத்தேன் ளா. மஞ்சள்தான் பூசுகிறாளே. அதை எப்படி மறந்தேன். நமைச்சல் தாங்கவில்லை என்று வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துக் கை கால் கழுத்தெல்லாம் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்து குளிக்கிறாளே காலையில். முதலில் சோப்புத்தூள் சேரவில்லை என்றாள், தூளை மாற்றினாள். பிறகு கொசு என்றாள். பிறகு மஞ்சள். பூசினால் மஞ்சளாகத்தானே இருக்கும், இதற்குப் போய் கண்ணையும் மாவையும் மாலத்தீவையும் இழுத்தேன். மெர்சி டீச்சர்கூடச் சொன்னாள், "அக்கா மொகத்துல என்ன ஒரு களை, கல்யாணப் பொண்ணு மாதிரி" என்று. வெயிலு வெட்கப்பட்டாள், கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டாள், நானும் பார்த்தேன், லட்சணமாகத்தான் இருந்தது. மஞ்சள் முகத்தைப் பார்த்து எங்கள் பக்கத்தில் யார் பயந்திருக்கிறார்கள். வேறு எந்த நிறமாக இருந்தாலும் கேட்டிருப்பார்கள், நீலமாக இருந்தால் ஓடி வந்திருப்பார்கள், மஞ்சளாக இருந்ததனால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். ஒருதரம் கந்தகக் கப்பல் வந்திருந்தது. பகலெல்லாம் அந்தத் தூளில் நின்று எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தேன், தலைமயிர் புருவம் காது மடல் எல்லாம் மஞ்சள். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஊர்ல பொம்பளப் பிள்ளையளுக்குத்தான் மஞ்ச நீராட்டுவாவ, இங்க கெழட்டு மாப்பிள்ளைக்கா" என்று குடம் குடமாக ஊற்றினாள், ஊற்ற ஊற்றச் சிரித்தாள், என் காலடியில் மஞ்சளாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது. ஊற்றினால் போய்விட்டது. அந்த மஞ்சள் நல்ல மஞ்சள். அந்தக் கப்பலில் அந்தோணிமுத்துவும் நின்றான், என்னைப் போல எண்ணுகிறவன், எனக்கு எதிர்ப்பக்கத்தில், அவனும்தான் குளித்தான், அவனுக்குப் போகவில்லை. கந்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். கேண்டீனில் அவனுக்குத் தங்கச்சாமி என்று பேர் வைத்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான், கையைச் சொறிந்துகொண்டே. கீழாநெல்லியை மோரில் கலக்கிக் குடித்தான். பத்தியம் இருந்தான். சிலுவைப்பட்டிப் பக்கம் யாரிடமோ போய்க் கையில் சூடு வைத்துக்கொண்டான். கடைசியாகப் பெரிய டாக்டரிடம் போனபோது, கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றாராம். முந்தி என்றால் எப்போது. முந்தி என்பது ஒரு நாளா, அதற்குத் தேதி உண்டா, அது எங்கள் வீட்டில் வந்து போய்விட்டதா, நான் மஞ்சளைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது.

மேலே பூசினதா, உள்ளே பிசைந்ததா. இதைக் கண்டுபிடிக்க எனக்கென்ன படிப்பு வேண்டும், தினம் செய்கிற வேலை. பெயிண்ட் அடித்த பொம்மையா, நிறம் கலந்த பொம்மையா என்று பார்க்க ஈரத்துணியால் ஒரு தேய். மாவு காயாமல் மூடுகிற துணி இருக்கிறது, வெள்ளைத் துணி. நனைத்துப் பிழிகிறேன். நாற்காலி சத்தம் போடாமல் இறங்கித் தரையில் உட்காருகிறேன். முழங்கால் சத்தம் போடுகிறது, அது என் சொல் கேட்பதில்லை. நீண்டு கிடக்கிற அந்தக் கை. நகம் போன தடம் கோடு கோடாக, சில இடத்தில் பொருக்கு. மெதுவாக, முழங்கைக்குக் கீழே, பூனையைத் தடவுகிற மாதிரித் துடைக்கிறேன். துணியைத் திருப்பிப் பார்க்கிறேன். மஞ்சள். துணியில் மஞ்சள் இருக்கிறது, மங்கலாக, இளசாக, ஆனால் மஞ்சள்தான், வேப்பிலை வாடை கூட வருகிறது. முட்டாள் கிழவனே என்று என்னை நானே வைதுகொள்கிறேன், அவ்வளவு சந்தோசம், எழுந்து அந்தக் கம்பித் தலைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போல் இருக்கிறது. துணியை மடித்து வெள்ளைப் பக்கமாக வைத்து இன்னொரு தரம் துடைக்கிறேன். இன்னும் கொஞ்சம் வருகிறது. மடிக்கிறேன், துடைக்கிறேன். மிகவும் கொஞ்சம். மடிக்கிறேன், துடைக்கிறேன், திருப்புகிறேன். வெள்ளை. துணி வெள்ளை. கையைப் பார்க்கிறேன், நல்ல கண்ணால். துடைத்த இடத்துக்கும் துடைக்காத இடத்துக்கும் வித்தியாசமே இல்லை. அழுத்தித் துடைக்கிறேன். துணி வெள்ளை, கை மஞ்சள். சுற்றிலும் வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, ஃபேன் கூட சுற்றுகிறதே தவிரக் காற்று வரவில்லை. அலமாரியில் இருந்து ஒரு பச்சைச் சேலை என்னைப் பார்க்கிறது, எதை வைத்துப் பார்க்கிறது. உருண்டை ஒன்றும் தின்னவில்லை. வில்லைகள் ஒன்றும் வெளிறவில்லை. பாவம், அவை எல்லாம் காய்ந்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே கிடந்தன, நகர்ந்துகொண்டிருந்தது இவள்தான். என் விரலுக்கு அது தெரிந்திருக்கிறது. இன்னும் போடு, இன்னும் போடு என்று ஆனமட்டும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் அதைப் பசி என்று கதை கட்டினேன்.

"என்ன செய்யுதீய." கண்ணைத் திறக்காமல் கேட்கிறாள். "எறும்பு" என்கிறேன். "எறும்புக்கா ஈரத்துணி." "கட்டெறும்பு. அதுக்குத் தாகமா இருந்துது." உதடு கொஞ்சம் வளைகிறது, என் பழைய வேலை பலித்துவிட்டது, இப்படியே விட்டுவிடலாம், இன்னொரு சாயங்காலம் இன்னொரு காப்பி இன்னொரு குருணை மஞ்சள் என்று கொஞ்ச நாள் ஓட்டலாம், கோமுவிடம் தலை தாமதமாகிறது என்று சொல்லலாம். துணி மேல் இன்னும் ஒரு பழி போடலாம், நல்ல துணியாக இருந்தால் எடுத்திருக்கும் என்று. ஆனால் வாய் தானாகச் சொல்கிறது, "ஏளா வெயிலு, சன்னல் பக்கம் வா. கண்ணு முழிக்கு வெள்ளை போடணும், ஒன் கண்ணைப் பாத்துப் போடணும்." "கண்ணு வெள்ளையில பாக்குறதுக்கு என்ன கெடக்கு, எல்லாருக்கும் வெள்ளை வெள்ளைதான." முனகிக்கொண்டே எழுந்திருக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பெல்லாம் சுவரைப் பிடிக்க மாட்டாள். நான் பல்குச்சி நுனியில் மிளகு அளவு வெள்ளை மாவை எடுத்துக்கொண்டு போகிறேன். உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற வெளிச்சம், ஒளிவுமறைவில்லாத வெளிச்சம், அது அவள் முகத்தில் அடிக்கிறது. கண்ணுக்குள் யாரும் மஞ்சள் பூசுவதில்லை. எந்த ஊரிலும் எந்தப் பொம்பளையும் எந்த நமைச்சலுக்கும் கண்ணுக்குள் மஞ்சள் அரைத்து விடுவதில்லை. இதை நினைத்துக்கொண்டே கட்டைவிரலால் கீழ் இமையை இழுக்கிறேன். "மேல பாரு." மேலே பார்க்கிறாள். பல்குச்சியை அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். மாவு வெள்ளை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கிறேன். மாவு வெள்ளை. மிளகளவு மாவு விழுந்துவிட்டது, எங்கே விழுந்தது, தரையில் தேடலாம், தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டே இருக்கலாம்.

"என்ன இருக்கு" என்றாள்.

சொல்ல நினைத்தேன். அவள் கண்ணைக் கிட்டத்தில் பார்க்கிற போதெல்லாம் ஏதாவது சொல்லுவேன், உள்ளே ஒரு கப்பல் போகிறது, கொடி தெரியவில்லை, எந்த நாட்டுக் கப்பலோ, இப்படி. கட்டைவிரல் இன்னும் அவள் இமையில் இருந்தது. வாய்க்குள் நாக்கு மாவு மாதிரிக் கிடந்தது.

"ஏன் ஒண்ணும் கதை விடாம நிக்கீய" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், ஒரு கண் பொத்தின என் முகத்தை. சிரிப்பு அவள் வாயிலேயே கொஞ்ச நேரம் நின்றது, என்ன செய்வதென்று தெரியாமல்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். நீங்க ஒரு ஆளு, ஒங்க பேச்சு ஒரு பேச்சு என்பாள் என்று. அதற்காக இரண்டு மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள், தலையைச் சரிசெய்துகொண்டே, கண்ணாடியைப் பார்க்காமல்.

"கொஞ்ச நாளா மூத்திரம் பால் விடாத கட்டங்காப்பி மாதிரி போவுது" என்றாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா அதுக்கும் ஒரு கதை கட்டுவீய. நானும் சிரிச்சிருவேன். அதான் சொல்லல."

படியிறங்கும்போது மெர்சி டீச்சர் கதவைத் திறந்து, "எங்க அக்கா, சோடியா, கல்யாணமா" என்றாள். வெயிலு, "ஆமா டீச்சர், இவுகளுக்குப் பொண்ணு பாக்கப் போறோம்" என்றாள். அவள் சொன்னாள், நான் சொல்லவில்லை. தெரு முக்கில் ஆட்டோ கிடைத்தது. ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மாவு காய்ந்துகொண்டிருந்தது, தோலை இழுத்தது. உருண்டையை மூடாமல் வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது இந்நேரம் மேலே ஓடு கட்ட ஆரம்பித்திருக்கும். திரும்பிப் போய் மூடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது, மூடி எதற்கு, எந்த நிறத்தில் திரும்பி வருவாள் என்று தெரியாதபோது, வருவாள், திரும்பி வருவாள், அதைத்தான் நினைத்தேன், வேறு ஒன்றும் நினைக்கவில்லை. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஆட்டோ நின்றது. என்ஜினை அணைத்ததும் எல்லாம் ஓய்ந்துபோய், அவள் சொறிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பேசாம வராதீய" என்றாள் வெளியே பார்த்துக்கொண்டே. "எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஏதாவது ஒரு பொய்யி சொல்லுங்க."

"என்ன பொய்யி."

"ஒங்களுக்கா தெரியாது. என்னத்தையாவது."

கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. எண்ணிப் பழகின கண், எண்ணவில்லை.

"ஒனக்கு ஒண்ணுமில்ல ளா" என்றேன்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள், என் கையை விடாமல்.

"இது சரியில்ல" என்றாள். "வேற சொல்லுங்க."